இடம் கிடைக்காதவர்களின் பட்டியல்

திட்ட மதிப்பீட்டு வேலைக்கு வந்த புதிதில் ஒரு தொழிற்பயிற்சித் திட்டத்தை ஆராயச் சொன்னார்கள். பயிற்சி முடித்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் வேலையில் சேர்ந்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் விசாரித்தேன், சம்பளச் சீட்டு வரை சரிபார்த்தேன். திட்டம் வெற்றி என்று எழுதிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து வேறெதற்கோ கோப்பைப் புரட்டியபோது, விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்களின் பட்டியல் அகப்பட்டது. மடித்துச் செருகிய நாலு தாள். தொலைபேசி எண்களும் இருந்தன. ஒவ்வொருவராக அழைத்தேன். "அப்ப கூப்பிடவே இல்ல, இப்ப எதுக்குக் கேக்குறீங்க சார்?" என்றார் ஒரு பெண். பின்னணியில் பில் இயந்திரம் தாளைத் தள்ளும் சத்தம். வேலையிடத்தில் நின்றுகொண்டுதான் பேசினார். பட்டியலில் பலரும் அப்படித்தான். பயிற்சி பெற்றவர்களுக்கு ஏறக்குறைய சமமாக இவர்களும் வேலையில் இருந்தார்கள். நிறுவனங்கள் தாராளமாக ஆள் எடுத்த ஆண்டு அது. அந்தப் பலனை நான் திட்டத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டேன்.

திட்டம் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மெக்சிகோவில் 1997-ல் புரோகிரேசா திட்டம் வந்தபோது கேட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் ஒழுங்காக அனுப்பும் ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் தரும் திட்டம் அது. மதிப்பீட்டுக்கு எடுத்த 506 கிராமங்களில், குலுக்கல் முறையில் 320-க்கு முதலிலும் மீதி 186-க்குப் பிறகும் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. பள்ளிச் சேர்க்கை கூடியது, குறிப்பாக நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை. 2000-ல் ஆட்சி மாறிய பிறகும் திட்டம் நிற்கவில்லை.

குலுக்கல் போட்டு ஏழைகளைக் காக்க வைப்பதா என்று சக ஊழியர்கள் சிலர் கோபப்படுவார்கள். எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இருந்தால் அந்தக் கோபம் நியாயம். இல்லாதபோது யாரோ காத்திருக்கத்தான் போகிறார்கள். அது யார் என்பதைச் சிபாரிசு முடிவு செய்வதைவிடக் குலுக்கல் முடிவு செய்வது நேர்மை என்றே நினைக்கிறேன்.

திருத்திய அறிக்கையோடு அதிகாரியைப் பார்க்கப் போனேன். பொறுமையாகப் படித்தார். "போன மாசமே அடுத்த வருஷத்துக்கும் நிதி ஒதுக்கியாச்சுப்பா" என்றார். என் முதல் அறிக்கையை வைத்துத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது இன்றும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் முதல் கூட்டத்திலேயே, பயனாளிகள் பட்டியலுக்கு முன்னால் அந்த மற்றப் பட்டியலைத்தான் கேட்கிறேன். பல இடங்களில் அதை வைத்திருப்பதில்லை.