மேக்கில் மட்டும் விழுகிறது

அறிவியல் தரவுகளை வரைபடமாக்கும் ஒரு திறமூல மென்பொருளின் பராமரிப்பாளர்களில் நானும் ஒருவன். சி++ நிரல், மேலே க்யூடி என்ற நூலகத்தால் கட்டிய இடைமுகம். எங்கள் அலுவலகத்தில் இதைப் பயன்படுத்துவதால் வேலை நேரத்திலேயே இதைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. மென்பொருள் திடீரென நின்று விழுகிறது என்று வருகிற கிராஷ் புகார்களில் "லினக்ஸில் நன்றாக ஓடுகிறது, மேக்கில் மட்டும் விழுகிறது" என்று தொடங்குபவற்றை நான் முதலில் எடுப்பேன். எழுதியவர் மேக்கைக் குறை சொல்லியிருப்பார். எனக்கோ லினக்ஸ் மேல்தான் சந்தேகம் வரும். நிரலில் ஓட்டை எல்லா இடத்திலும் இருந்திருக்கும், லினக்ஸ் கண்டும் காணாமல் விட்டிருக்கும்.

ஒரு கடலியல் ஆய்வாளர் அனுப்பிய புகாரைச் சொல்கிறேன். கிடை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் ஆழம். கடல் ஆய்வில் வழக்கமான படம்தான். எம்1 மேக்கில் (இன்டெலுக்குப் பதிலாக ஆர்ம் வகைச் செயலி உள்ள மேக்) கோப்பைத் திறந்ததும் மென்பொருள் காணாமல் போய்விடுகிறது. அவருடைய பழைய இன்டெல் மேக்கில் அதே கோப்பு திறக்கிறது. என் லினக்ஸ் மடிக்கணினியிலும் திறந்தது. போதாக்குறைக்கு அவருடைய சக ஆய்வாளரிடமும் ஒரு எம்1 மேக், ஆனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கடைசித் தகவலை நான் முதலில் எரிச்சலோடுதான் படித்தேன். உண்மையில் முடிச்சு அங்கேதான் இருந்தது. சக ஆய்வாளர் பழைய கணினியிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே மாற்றிக்கொண்டவர், அவரிடம் இருந்தது இன்டெலுக்காகக் கம்பைல் செய்த பதிப்பு. இன்டெல் நிரலை மொழிபெயர்த்து ஓட்டும் ஆப்பிளின் ரொசெட்டா 2 அதை எம்1-இல் ஓட்டும்போது இன்டெல் செயலி என்ன விடை தருமோ அதையே தர வேண்டும். ஆகவே மேக் ஓஎஸ் மேல் பழி இல்லை. செயலியில் ஏதோ இருக்கிறது.

புகார் கொடுத்தவர் அதுவரை டீபக்கரை, அதாவது ஓடும் நிரலின் உள்ளே பார்க்கும் கருவியை, தொட்டதில்லை. டீபக் தகவல்களோடு ஒரு பதிப்பைக் கட்டிக் கொடுத்து, டெர்மினலில் எதை எந்த வரிசையில் அடிக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதி அனுப்பினேன். கடலில் கருவி இறக்கிப் பழகியவர் என்பதாலோ என்னவோ, ஒரு படியும் தவறாமல் செய்து நிரல் எந்த வழியாக வந்து விழுந்தது என்று காட்டும் பேக்டிரேஸை முழுதாக ஒட்டினார். விழுந்த வரியில் பிக்சல் நெடுவரிசைக்கான மாறியின் மதிப்பு 2147483647. 32 பிட் இன்ட் (முழு எண் வகை) தாங்கக்கூடிய மிகப் பெரிய எண் அது. அதைப் பார்த்ததுமே பாதி வேலை முடிந்தது.

அவருடைய கோப்பு நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவம். அதில் அளவு விடுபட்ட இடங்களை நிரப்ப இயல்பாகவே ஒரு ராட்சத எண் உண்டு: சுமார் 9.97 பெருக்கல் பத்தின் 36-ஆம் அடுக்கு. அச்சின் எல்லையைக் கணக்கிடும் எங்கள் நிரல் இந்த எண்ணை ஒழுங்காக ஒதுக்கிவிட்டது. புள்ளிகளை வரையும் சுழற்சி ஒதுக்கவில்லை. அது ஒவ்வொரு வெப்பநிலையையும் நெடுவரிசை எண்ணாக மாற்றி, விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் விட்டுவிட்டு, மற்றதை நினைவகத்தில் உள்ள அணியில் (அரே) எழுதும். வலப்பக்கச் சோதனை இல்லை. முழுத் தரவையும் காட்டும்போது எல்லாப் புள்ளியும் அச்சுக்குள்தானே இருக்கும் என்று வேகத்துக்காக யாரோ எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

இன்ட்டுக்குள் அடங்காத தசம எண்ணை இன்ட்டாக மாற்றினால் என்ன ஆகும்? சி, சி++ தரநிலைகள் அதை வரையறுக்கவே இல்லை, செயலி எதைத் தந்தாலும் சரிதான். இன்டெல் செயலியின் கட்டளை, எண் எந்தப் பக்கம் மீறினாலும் −2147483648 என்று தரும். ஆர்ம் செயலியோ மீறிய பக்கத்து எல்லையிலேயே நிறுத்தும். பெரிய எண்ணுக்கு 2147483647. எனவே இன்டெலில் அந்த ராட்சத எண் எதிர்மறையாகி, இடப்பக்கச் சோதனையில் மாட்டி, சத்தமில்லாமல் வெளியேறியது. படம் சரியாக வந்தது தற்செயல். எம்1-இல் சோதனையைத் தாண்டிப் போய், ஓர் உறுப்புக்கு நான்கு பைட்டு வீதம் 8 ஜிபி தள்ளி இருக்கும் ஏதோ ஒரு முகவரியில் எழுதப் பார்த்தது. இயக்குதளம் கொன்றுவிட்டது. கொன்றதுதான் நியாயம்.

திருத்தம் சின்னது. இன்ட்டாக மாற்றிவிட்டு எல்லையைப் பார்ப்பதற்குப் பதிலாக, தசம எண்ணாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாற்ற வேண்டும். விடுபட்ட மதிப்பை மட்டும் ஒதுக்கினால் போதாதா என்று மறுபார்வை செய்தவர் கேட்டார். போதாது என்றேன். நாளைக்கு வேறொரு கருவி வேறொரு ராட்சத எண்ணை எழுதும்.

எனக்கு உறுத்தியது வேறு. இந்தப் பிழையை லினக்ஸிலேயே பிடித்திருக்கலாம். ஜிசிசி கம்பைலரில் ஃப்ளோட்-காஸ்ட்-ஓவர்ஃப்ளோ என்று, நிரல் ஓடும்போதே இத்தகைய மாற்றங்களைப் பிடிக்கும் ஒரு சானிட்டைசர் சோதனை உண்டு. வரையறுக்கப்படாத நடத்தைகளைப் பிடிக்கும் பொதுவான கம்பைலர் கொடியை (ஃப்ளாக்) போட்டால் இது சேர்ந்து வராது, தனியாகக் கேட்க வேண்டும். கேட்டோம். இன்டெல் கணினியில், அதே கோப்பில், அதே வரியைச் சுட்டிக்காட்டியது. கூடவே நிறப்பட்டை, விளக்கப்பெட்டி என்று நாங்கள் நினைத்தும் பார்க்காத இடங்களையும் காட்டியது. இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தச் சோதனை ஓடுகிறது. 2024 தொடக்கத்திலிருந்து கிட்ஹப்பில் திறமூலத் திட்டங்களுக்கு ஆர்ம் மேக்குகளும் இலவசமாகக் கிடைப்பதால் அங்கும் ஓட்டுகிறோம். ஆனால் என் நம்பிக்கை சானிட்டைசர் மேல்தான் அதிகம்.

லினக்ஸ் அடி வாங்கி விண்டோஸ் தப்பிய கதையும் உண்டு. யூனிக்ஸ் வகை இயக்குதளங்களில் க்யூடி தொடங்கும்போது பயனரின் லோகேலை (மொழி, நாட்டு வழக்கங்களுக்கான அமைப்பு) எடுத்துக்கொள்ளும். ஜெர்மன் லோகேலில் தசமத்துக்குக் காற்புள்ளி. அதன்பின் சி நூலகத்தின் ஸ்ட்ரிங்-எண் மாற்றி "0.75"-ஐப் படித்தால் புள்ளியோடு நின்று பூஜ்யம் என்று சொல்லும். அச்சின் இடைவெளி பூஜ்யமானால் குறிகள் போடும் சுழற்சி முடியவே முடியாது, நினைவகம் தீர்ந்து விழும். ஆங்கில, தமிழ் லோகேல்களில் புள்ளிதான் என்பதால் இங்கே யாருக்கும் இது தெரியாது. எண்களுக்கான லோகேலை மட்டும் "சி"-க்குத் திருப்பிவிடும்படி க்யூடியின் ஆவணமே சொல்கிறது. யார் படிக்கிறார்கள்?

ஸ்டாக் அளவும் அப்படித்தான். நிரலின் பகுதிகள் ஒன்றையொன்று அழைக்க அழைக்க நிரம்பும் நினைவகம் அது. லினக்ஸில் ஒரு த்ரெட்டுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) வழக்கமாக 8 எம்பி கிடைக்கும். மேக்கில் துணை த்ரெட்டுக்கு 512 கேபி, ஆல்பைன் லினக்ஸில் 128 கேபி. சமவரைகளை ரிகர்ஷனாக, அதாவது தன்னைத்தானே அழைத்தபடி, தேடிப் போகும் நிரல் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் சந்தேகம் எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். கிராபிக்ஸ் டிரைவர்களிடம் அது எடுபடாது. முப்பரிமாணப் படத்தைச் சுழற்றினால் ஒரு குறிப்பிட்ட அட்டையில் மட்டும் விழுகிறது, பேக்டிரேஸ் முழுக்க டிரைவருக்குள்ளேயே இருக்கிறது என்றால், மென்பொருள் வழி ரெண்டரிங்கை ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்வேன். அதில் ஓடினால் புகாரை மூடாமல் வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். அதற்கு மேல் எனக்கு வழி இல்லை.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் எழுதினார்: "சார், விண்டோஸ்ல கிளிக் பண்ணா ஒரு செகண்ட் வந்துட்டுப் போயிடுது." வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் ஓடுகிறதாம். அவருடைய பயனர் கோப்புறையின் பெயர் தமிழில் இருந்தது. அதற்குள் இருக்கும் எழுத்துரு கேஷை நாங்கள் கோப்பு திறக்கும் சாதாரண சி அழைப்பான எஃப்ஓப்பனால் திறக்கிறோம். விண்டோஸில் அது பழைய ஆன்ஸி கோட்பேஜ் (எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்) வழியாகப் போகிறது. ஜெர்மன் எழுத்துக்கு அங்கே இடம் உண்டு. தமிழுக்கு ஆன்ஸி கோட்பேஜே கிடையாது. கோப்பு திறக்கவில்லை, திரும்பி வந்த வெற்று முகவரியை (நல் பாயின்டர்) யாரும் சோதிக்கவில்லை. அகல எழுத்துகளை ஏற்கும் விண்டோஸ் அழைப்புக்கு மாற்றியதும் சரியானது.

எங்கள் விண்டோஸ் சோதனைகள் எல்லாம் இப்போது "தரவு" என்ற பெயருள்ள கோப்புறைக்குள் ஓடுகின்றன. அதனால் நாங்கள் நம்பியிருக்கும் இரண்டு நூலகங்கள் விழுந்திருக்கின்றன. இரண்டுக்கும் புகார் எழுதியாகிவிட்டது. ஒன்றிலிருந்து பதில் வந்தது: "எங்கள் கணினியில் ஓடுகிறதே?"