பிளட்ஸ் டெஸ்பாட்ச் கவர் தேறிவிட்டது

நியூயார்க்கில் உள்ள தபால்தலை நிபுணர் குழுவுக்கு அனுப்பியிருந்த பிலடெல்பியா கவர் சான்றிதழோடு திரும்பி வந்துவிட்டது. பிளட்ஸ் டெஸ்பாட்ச் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊரில் தபால் நடத்திய தனியார் கம்பெனி. அசல் தபால்தலை, அந்தக் கவரில் அன்றைக்கே ஒட்டியது, ஆசிட் முத்திரையால் கவரோடு பிணைந்தது என்று மூன்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லோக்கல் போஸ்ட், அதாவது ஊருக்குள் கடிதம் கொண்டுபோன இப்படிப்பட்ட தனியார் தபால்களின் தலைகளைச் சேகரிப்பவர்களுக்கு இந்த மூன்றாவது வரியின் அருமை தெரியும். வெளிர் ஊதாத் தாளில் வெண்கல நிற அச்சு, பிளட்ஸ் பென்னி போஸ்ட். பக்கத்திலேயே வாஷிங்டன் உருவம் போட்ட அரசின் மூன்று சென்ட் தலை, ஓரத்தில் பல்துளை இல்லாதது. 1851 ஜூலை 1 முதல் முன்பணம் கட்டிய கடிதத்துக்கு மூன்று சென்ட் என்று ஆனது, பல்துளை 1857-இல் வந்தது. ஆகவே உள்ளே கடிதம் இல்லாவிட்டாலும் கவரின் காலத்தைச் சுமாராகச் சொல்லிவிடலாம். பிளட் கம்பெனி ஆள் வாங்கிக்கொண்டு போய் அரசுத் தபால் நிலையத்தில் சேர்த்ததற்கு ஒரு சென்ட், அதற்கப்புறம் வெளியூருக்குப் போனதற்கு மூன்று சென்ட். தனியாரும் அரசும் ஒரே கவரில் அருகருகே நிற்கிற இந்த ஜோடிதான் எனக்கு வேண்டியிருந்தது.

சரி, ஆசிட் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் என் நேரம் முழுக்கப் போனது. பிளட் கம்பெனியார் பல தபால்தலைகளில் மை முத்திரை அடிக்காமல் ஒரு ரசாயனத் திரவத்தைத் தொட்டு வைத்து, மறுபடி பயன்படாதபடி கெடுத்தார்கள். அவர்கள் வெளியிட்டவற்றில் கறுப்பு வழவழப்புத் தாளில் வெண்கல எழுத்து கொண்டவையும் உண்டு. கறுப்புத் தாளில் கறுப்பு மை அடித்தால் யாருக்குத் தெரியும்? தாளையே கறையாக்கிவிட்டால் மறுபடி ஒட்டி ஏமாற்ற முடியாது. நல்ல யோசனைதான், ஆனால் நூற்று எழுபது வருஷம் கழித்து அந்தக் கறையைப் படிப்பது பெரும்பாடு. பழைய கோந்து கறுத்ததும் பழுப்புதான், ஈரம் பட்டதும் பழுப்புதான், எவனோ தேநீர் தொட்டு வைத்ததும் பழுப்புதான். ஏலப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் “ஆசிட்” என்றே எழுதிவிடுகிறார்கள்.

நான் பார்க்கிற முறை இது. முதலில் ஸ்கேனரை நம்புவதில்லை. அதில் எல்லாக் கறையும் ஒரே மாதிரி சப்பையாகத் தெரியும். இருட்டு அறையில் கவரை மேசையில் வைத்து, சின்ன டார்ச்சை ஏறக்குறையக் கிடைமட்டமாகப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் தலையின் விளிம்பைச் சுற்றி வர வேண்டும். கோந்துக் கறை என்றால் தலையின் வடிவத்தையே ஒட்டிப் போகும், நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் கோடு மாதிரி. ஆசிட் அப்படி இல்லை. ஓர் இடத்தில் விழுந்து, தன் இஷ்டத்துக்குப் பரவி, விளிம்பைத் தாண்டிக் கவர்த் தாளில் இறங்கியிருக்கும். அந்த இடத்தில் தாளின் மேற்பரப்பே கொஞ்சம் அரித்தது போல இருக்கும், நார் தெரியும். தேநீர்க் கறையில் நார் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும்.

அப்புறம் கவரைத் திறந்து உட்பக்கம். அசல் ஆசிட் பல நேரம் மறுபக்கம் வரைக்கும் ஊறியிருக்கும். வெளியே தலையின் மேல் உள்ள கறை, தலைக்கும் கவருக்கும் இடையே விளிம்பில் உள்ள கறை, உள்ளே ஊறிய கறை, மூன்றும் ஒரே புள்ளியில் விழ வேண்டும். என் கவரில் முதல் இரண்டும் சரியாக விழுந்தன. உள்ளே ஊறியது மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. இதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தலையைப் பெயர்த்து மறுபடி ஒட்டியிருப்பார்களோ? கடைசியில் கவரைப் பழைய மடிப்புப்படியே மடித்துப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டபோது விடை கிடைத்தது. மடித்தால் தலைக்கு நேர் பின்னால் இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று வருகின்றன. திரவம் மேல் மடலைத் துளைத்து, மடிப்பு ஓரமாக ஓடி, கீழ் மடலில் தேங்கியிருக்கிறது. தலையைப் பிற்காலத்தில் ஒட்டியிருந்தால் இப்படி ஓடியிருக்காது. சான்றிதழில் இந்த விவரமெல்லாம் இல்லை, ஒரு வரி முடிவுதான். எனக்கு அந்த மடிப்பைக் கண்டுபிடித்தது சான்றிதழை விடப் பெரிய சந்தோஷம்.

புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்கு ஒன்றே ஒன்று: வழவழப்புத் தாள் தலைகளைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மேல்பூச்சு கரைந்துவிடும்.

உதிரித் தலைகளை நான் இப்போது வாங்குவதே இல்லை. “லோக்கல்ஸ், கலவை லாட்” என்று வருகிறதே, அதில் பெரும்பாலும் பாஸ்டன் எஸ். ஆலன் டெய்லரின் சரக்குதான். 1860-களிலேயே இல்லாத கம்பெனிகளின் பெயரையும் சேர்த்து இட்டுக்கட்டி, நினைத்த நிறத்திலெல்லாம் அடித்துத் தள்ளியவர். ஒரே டிசைன் பச்சை, ரோஜா, மஞ்சள், நீலம் என்று வரிசையாக வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டியதுதான். ஜே. டபிள்யூ. ஸ்காட் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் அவர் பெயரிலுள்ள தபால்தலைக் கேட்டலாக் ஞாபகம் வரும், ஆனால் அவரும் லோக்கல் தலைகளின் நகல்களை விற்றவர்தான். இவர்களையெல்லாம் விடக் கஷ்டம் நியூயார்க் ஹஸ்ஸி. 1854-இல் உண்மையாகவே தபால் நடத்தியவர், அவரே சேகரிப்பவர்களுக்காக மறுபதிப்புகள் அச்சடிக்க வைத்தார். தன் பெயரில் தானே அடித்ததை எப்படிப் போலி என்பது? அதே வில்லியம் தெரு முகவரி, ஏறக்குறைய அதே எழுத்து. தேதியோடு கவரில் இருந்தால் ஒழிய நான் தொடமாட்டேன். டெய்லர் சரக்கை மட்டும் தனியாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் நல்ல சேகரிப்புதான், ஆனால் அசல் விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது.

பிலடெல்பியாவையே நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் 1845 தபால் சட்டம் ஊர்விட்டு ஊர் கடிதம் கொண்டுபோன தனியார்களின் கதையை முடித்தது. லைசாண்டர் ஸ்பூனரின் அமெரிக்கன் லெட்டர் மெயில் கம்பெனி, ஹேல் கம்பெனி எல்லாம் அதோடு சரி. ஊருக்குள் கொடுப்பவர்கள் மட்டும் தப்பினார்கள். பிளட் கம்பெனியைப் பிற்பாடு எடுத்து நடத்திய காக்கர்ஸ்பெர்கர் மேல் அரசு வழக்குப் போட்டது, 1860-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நகரத் தெருக்கள் தபால் பாதைகள் அல்ல என்பதுதான் விஷயம். அடுத்த வருஷமே, 1861 மார்ச்சில், அவற்றைத் தபால் பாதையாக்கி நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. வழக்கில் ஜெயித்து, சட்டத்தில் தோற்ற கம்பெனி. இந்தக் கவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் ஒரு பரிவு வந்துவிடும்.

கவரை வைக்க வாங்கிய உறைகள் பற்றி ஒரு குறை. ஒரு கடைக்காரர் மைலார் (பாலியெஸ்டர் பிலிம்) என்று சொல்லி அனுப்பியது பிவிசி பிளாஸ்டிக், பிரித்த உடனே அந்த நெடி அடித்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். பிவிசி நாளடைவில் கசிந்து பழைய தாளைக் கெடுக்கும், அதுவும் ஏற்கெனவே ஆசிட் தின்ற தாள். மைலார் என்றால் விறைப்பாக இருக்கும், கசக்கினால் சலசலக்கும், வாடை இருக்காது.

ஆல்பத்தில் பிலடெல்பியா பக்கங்கள் இன்னும் பாதிகூட எழுதி முடியவில்லை, அரசியல் தலைவர் ஹென்றி கிளேயின் உருவம் போட்ட பிளட் தபால்தலையும் கிடைக்கவில்லை. அதற்குள் மனசு நியூயார்க் பக்கம் போய்விட்டது. அலெக்சாண்டர் கிரெய்க் 1842 பிப்ரவரி 1-இல் தொடங்கிய சிட்டி டெஸ்பாட்ச் போஸ்ட் வெளியிட்டதுதான் அமெரிக்கக் கண்டத்திலேயே முதல் ஒட்டுத் தபால்தலை. ஒன்று மூன்று சென்ட், நூறாக வாங்கினால் இரண்டரை டாலர். அதே வருஷம் ஆகஸ்டில் அரசு அந்த நிறுவனத்தையே வாங்கி, கிரெய்க்கையும் வேலைக்கு வைத்துக்கொண்டு, அதே தலையைத் தொடர்ந்து விற்றது. ஆக, ஒரே தகட்டில் அச்சான ஒரே தலை ஆகஸ்ட் 16-க்கு முன் தனியாருடையது, அதற்கப்புறம் அரசுடையது. கட்டத்துக்குள் “ஃப்ரீ” என்று முத்திரை இருந்தால் கிரெய்க், எண்கோணத்துக்குள் “யு.எஸ்.” இருந்தால் அரசு. மறுபடியும் முத்திரைதான் எல்லாம், இந்தத் தடவை ஆசிட்டுக்குப் பதில் மை.

முதல் வகை என் கைக்கு எட்டுகிற விலையில் எப்போதாவது வருகிறது. எண்கோண முத்திரை போட்டதற்கு நிறையக் காசு சேர்க்க வேண்டும். வரப்போகிற ஏலத்தில் “ஃப்ரீ” முத்திரையோடு ஒரு கவர் இருக்கிறது, கீழ் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டது. மேல் ஓரத்தின் படத்தைப் பெரிதாக்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முத்திரைக் கட்டத்தின் கோடு தலையைத் தாண்டிக் கவரில் தொடர்கிறது என்று தெரிந்தால் ஏலம் கேட்டுவிடுவேன்.