ஈரோடு, தறிக்குடோன், 2009

ஜனவரி 29, வியாழன்
சென்னை சாஸ்திரி பவன் முன்னால் முத்துக்குமார் என்ற பையன் தீக்குளித்துச் செத்துப்போனான். ஈழத்துப் போரை டில்லி நிறுத்தச் சொல்லவில்லையே என்றுதான். கரண்ட் இல்லாமல் தறி நின்றிருந்தது. பேட்டரி ரேடியோவில் கேட்டோம்.

ஏப்ரல் 27, திங்கள்
வீட்டுக்கு வெள்ளையடிக்க அரச்சலூர் அகதி முகாமிலிருந்து ஆள் வந்தார். வவுனியாக்காரர். கலைஞர் காலையில் தொடங்கிய உண்ணாவிரதம் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கனரக ஆயுதம் இனி இல்லை என்று கொழும்பு சொன்னதாம்.

"நம்பலாமுங்களா?" என்றேன்.

அவர் பிரஷ்ஷைத் தோய்த்து இரண்டு இழுப்பு இழுத்தார். "றேடார் குடுத்தது ஆரண்ணை?"

போன செப்டம்பரில் வவுனியா ராணுவத் தளத்தைப் புலிகள் தாக்கியபோது, நம் நாட்டு ரேடார் ஆட்கள் இரண்டு பேருக்குக் காயம். அங்கே அவர்களுக்கு என்ன வேலை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. தறிக்குடோனுக்கு எலக்‌ஷன் முடிந்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மே 2, சனி
கோவை நீலம்பூர் பைபாஸில் ராணுவ வண்டிகளை மறித்து அடித்திருக்கிறார்கள். கொச்சி வழியாக இலங்கைக்கு ஆயுதம் போகிறதென்று பேச்சு. பயிற்சி முடித்துத் திரும்பிய வண்டிகள் என்கிறது ராணுவம். கோபம் புரிகிறது. ஆனால் ஸ்டியரிங் பிடித்தவனும் எவனோ ஒரு குடியானவன் மகனாகத்தான் இருப்பான்.

மே 13, புதன்
அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஓட்டு கைச் சின்னத்துக்குத்தான். குடோனில் இன்றும் காமராஜர் படம் தொங்குகிறது. நிற்பவர் ஜவுளித் துறை இணை அமைச்சர் இளங்கோவன். தறிக்காரன் பகைத்துக்கொள்ளக் கூடாத ஆள். வைகோ கட்சியின் பம்பரத்தில் குத்திவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

மே 16, சனி
பம்பரத்தில் நின்ற கணேசமூர்த்தி ஜெயித்தார். ஒரே வெடிச்சத்தம். "எல்லாம் கரண்ட் கட்டுக்கு உழுந்த ஓட்டுங்" என்றார் பக்கத்துத் தறிக்காரர். மறுத்துப் பேச வாய் வரவில்லை. என் ஓட்டிலும் பாதி அதுதானோ என்னவோ. டில்லியில் அதே ஆட்சி.

மே 18, திங்கள்
முகாம்காரர் சொன்னபடி காலையிலேயே வந்துவிட்டார். மதியம் மச்சான் போனில் சொன்னான், பிரபாகரன் செத்துவிட்டதாக இலங்கை ராணுவம் அறிவித்ததென்று. இவரிடம் எப்படிச் சொல்வது? டீ வாங்கிவரப் போவதுபோல் வெளியே போய் நின்றேன். திரும்பும்போது அவர் செல்போன் காதில் இருந்தது. "ஓம்... ஓம்..." அவ்வளவுதான் பேசினார். பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு, கை கழுவாமலே சைக்கிளை எடுத்தார். கூலி கேட்கவில்லை.

பாதிச் சுவர்தான் வெள்ளை. வாளியை இன்னும் எடுக்கவில்லை.