ஆஃப்-பீஸ்ட் காப்பீடு: பச்சை டிக்கைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

ஆஃப்-பீஸ்ட், அதாவது குறியிட்ட தடங்களுக்கு வெளியே பனியில் சறுக்குவதற்கும் பொருந்தும் சரியான பயணக் காப்பீட்டுப் பாலிசி ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் முதலில் அணுகிய நிறுவனம் இழுத்தடித்ததை நினைத்தால் ஆத்திரம் அடங்கவில்லை. ஆல்ப்ஸ் மலைக்குப் போகத் திட்டமிடும் வேறு யாரும் இப்படி அலையக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

லண்டனிலிருந்து நானும் தம்பியும் பிரான்ஸின் ஷாமொனிக்குப் போகிறோம். எனக்கு ஸ்கீ, அவனுக்கு ஸ்னோபோர்டு. முக்கியத் திட்டம் வாலே பிளான்ஷ். 3,842 மீட்டர் உயர எகுய் து மிதி சிகரத்துக்குக் கேபிள் காரில் ஏறி, அங்கிருந்து பனியாற்றின் மேல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சறுக்கி இறங்க வேண்டும். குறியிட்ட தடம் கிடையாது, ரோந்து கிடையாது, பனிப்பிளவுகள் உண்டு. மலை வழிகாட்டியை அமர்த்தியாகிவிட்டது. காப்பீட்டு விவரத்தை அனுப்பச் சொல்லி அவருடைய அலுவலகம் கெடு வைத்திருந்தது.

விலைகளை ஒப்பிட்டுப் படிவம் நிரப்பியதெல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. குளிர்கால விளையாட்டுக்கான கூடுதல் பிரீமியத்தோடு, ஆஃப்-பீஸ்ட் என்ற வரிக்கு நேரே பச்சை டிக். பணம் கட்டுமுன் முழு விதிகளையும் திறந்தேன். விலக்குகள் பகுதியில், பொடி எழுத்தில், இரண்டு நிபந்தனைகள்: ஸ்கீ மையத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும், உள்ளூர் எச்சரிக்கையை மீறியிருக்கக் கூடாது.

வாலே பிளான்ஷ் எந்த எல்லைக்குள் வரும்? தொலைபேசியில் கேட்டேன். "கேபிள் காரில்தானே போகிறீர்கள்? அப்படியானால் அடங்கும்" என்றார் எடுத்தவர். அது பராமரிப்பில்லாத பனியாறு என்று விளக்கியதும் காத்திருக்கச் சொன்னார். நெடுநேரம் இசை ஓடியது. திரும்பி வந்து மறுபடியும் "அடங்கும்" என்றார். அதையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொன்னேன். வந்த மின்னஞ்சலில் நான் சுட்டிக்காட்டிய அதே விதியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மறுபடி அழைத்தபோது வேறொருவர் எடுத்து, அது அடங்காது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். விபத்து நடந்தபின் இந்த இருவரில் யார் சொன்னது செல்லும்?

எச்சரிக்கை விவகாரம் இதைவிட மோசம். ஐரோப்பாவில் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை ஐந்து நிலைகளாக அறிவிக்கிறார்கள். பிரான்ஸில் பனிப் பருவம் முழுக்க அந்நாட்டு வானிலை நிறுவனமான மெத்தியோ பிரான்ஸ் தினமும் மாலையில் மலைத்தொகுதி வாரியாக இந்த அறிக்கையை வெளியிடுகிறது. நிலை 3 குளிர்காலத்தில் சர்வசாதாரணம். உயிரிழப்புகளில் பெரும்பங்கு நடப்பதும் அந்த நிலையில்தான். நிலை 3 அறிவித்த நாளில் வழிகாட்டி சரிவையும் பனியையும் பார்த்து, போகலாம் என்று முடிவெடுத்தால், அது எச்சரிக்கையை மீறியதாகுமா? நான் கேட்டது இவ்வளவுதான். கடைசிவரை பதில் இல்லை.

மீட்புச் செலவைக் கேட்டபோது, "உங்களிடம் ஜி.எச்.ஐ.சி. அட்டை இருக்கிறதே" என்றார்கள். ஐரோப்பியப் பயணத்துக்காகப் பிரிட்டன் தரும் அந்தச் சுகாதார அட்டை அரசு மருத்துவத்துக்கு மட்டும்தான். மலை மீட்பும் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் சேராது. காப்பீடு விற்பவர் இதைத் தெரியாமல் சொன்னாலும் தவறு, தெரிந்து சொன்னால் பெரிய தவறு. உயர்மலையில் பிரெஞ்சு ஜெண்டார்மெரி என்ற காவல் படையின் மீட்பு இலவசம்தான். ஆனால் ஸ்கீ மையத்தின் ரோந்துக் குழு இறக்கிக் கொண்டுவந்தால் பில் வரும். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஹெலிகாப்டர் வந்தாலே பில்தான். ஆகவே மருத்துவச் செலவுக்கு எத்தனை கோடி போட்டிருந்தாலும் மயங்காதீர்கள். தேடல், மீட்பு என்று தனி வரி இருக்கும். அதன் வரம்பைப் பாருங்கள்.

கெடு நெருங்கிய நிலையில், மலை விளையாட்டுக்கென்றே பாலிசி தரும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு எழுதினேன். அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. பனியாற்றில் போகிறீர்களா? கயிறு பயன்படுத்துவீர்களா? வழிகாட்டிக்குச் சர்வதேச மலை வழிகாட்டித் தகுதி உண்டா? மறுநாளே வரிசையாகப் பதில் வந்தது: வழிகாட்டியோடு வாலே பிளான்ஷ் அடங்கும், ஸ்னோபோர்டுக்கும் அதே விதி, நிலை 3 என்பதற்காக மட்டும் கிளெய்மை மறுக்க மாட்டோம், அதிகாரிகள் மூடிய பகுதிக்குள் நுழைந்தால் மறுப்போம். பிரீமியம் கூடுதல்தான். இப்படி எழுதித் தருபவர்களுக்கு அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒருநாள் மோன் பிளாங் சுரங்கம் வழியாக இத்தாலியின் கூர்மாயருக்கும் போகிறோம். 2022 ஜனவரி 1 முதல் இத்தாலியத் தடங்களில் ஸ்கீ செய்பவர் பிறருக்கு இழைக்கும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். பல பாலிசிகளில் தனிநபர் பொறுப்பு என்ற பகுதி இருக்கும். அது ஸ்கீக்கும் பொருந்துமா என்று பார்த்துவிட்டுச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லிஃப்ட் டிக்கெட்டோடு சேர்த்து வாங்கிவிடலாம்.

இன்னொன்று. அடிபட்டவரைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், உயிர் ஆபத்து இல்லாத பட்சத்தில், கையெழுத்துப் போடுமுன் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை அழையுங்கள். அந்த எண்ணையும் நிறுவனத்தின் பதில் மின்னஞ்சலையும், சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும்படி, இருவர் போனிலும் சேமித்துவிட்டோம். வழிகாட்டி அலுவலகத்துக்கும் ஒரு நகல் போயிருக்கிறது.