கெச்சிக்கானில் காலை ஏழு, குளச்சலில் இரவு எட்டரை

2025 ஜூன் 15, ஞாயிறு – சியாட்டில்

அலாஸ்காவுக்குச் சுற்றுலாக் கப்பல் ஏறும் முன் எங்கள் மூன்று போன்களையும் மேசையில் வைத்து உட்கார்ந்தேன். வாட்ஸாப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்தினேன். கப்பல் நிற்கும் ஜூனோ, சிட்கா, கெச்சிக்கான் ஊர்களின் வரைபடங்களை இறக்கி வைத்தேன். அப்பாவின் இந்திய சிம்மில் ரோமிங் போட்டிருப்பது வங்கி ஓடிபிக்காக மட்டும்தான். கரையை விட்டு விலகியதும் ஏரோப்ளேன் மோடு, பிறகு வைஃபை என்று அப்பா அம்மா இருவருக்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று. நடுக்கடலில் போனுக்குக் கரையிலுள்ள டவர் எட்டாது. கப்பலுக்குள்ளேயே ஒரு சிறு டவர் இருக்கும், அது செயற்கைக்கோள் வழியாகப் பேசும். சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. தனிக் கட்டணம், பெரும் கட்டணம்.

கப்பல் வைஃபை ஒரு கருவிக்கு மட்டும் வாங்கினோம். ஒருவர் லாக் அவுட் செய்தால் அடுத்தவர் நுழையலாம். அம்மாவுக்கு நெல்லையில் இருக்கும் ஆச்சியிடம் தினமும் நாலு வார்த்தை பேசியாக வேண்டும். அது போதும் எங்களுக்கு.

ஜூன் 16, திங்கள் – கடலில்

வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடல். நல்ல ஆட்டம். அப்பா படுத்துவிட்டார்.

இணையம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. பழைய முறையில் கப்பல்கள் நம்பியிருந்த செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. நாம் கேட்பது மேலே போய்க் கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய் வருவதற்குள் அரை நொடி கழிந்துவிடும். வீடியோவில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, அலுத்துப்போவது அதனால்தான். 2022க்குப் பிறகு பெரிய கப்பல்கள் பலவும் ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வான செயற்கைக்கோள்களுக்கு மாறின. அவை பறப்பது சுமார் 550 கிலோமீட்டரில். ஆச்சியின் முகம் தெளிவாகத் தெரிந்தது, குரல் முந்திப் பிந்தி வரவில்லை.

இரவுச் சாப்பாட்டில் அம்மா ரசம் இல்லையே என்று என்னிடம் தமிழில் முனகியது பரிமாறிய தம்பியின் காதில் விழுந்துவிட்டது. "அம்மா, நமக்கு எந்த ஊரு?" என்றார். அவருக்குக் குளச்சல். எட்டு மாசக் கான்ட்ராக்ட், இது நாலாவது மாசம். கிளம்பும்போது மகள் குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தாளாம்.

"இப்ப நிக்கா அக்கா. பிடிச்சிட்டு நிக்கா."

ஊழியர்களுக்கும் கப்பலில் வைஃபை உண்டா என்று கேட்டேன். உண்டு, பயணிகளைவிடக் குறைந்த விலை, ஆனால் சம்பளத்திலிருந்துதான் போகிறது. இரவு வேலை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் திறப்பதால் அப்போது ஊர்வதுதான். அதைவிடப் பெரிய சங்கடம் நேரம். நாளை முதல் அலாஸ்கா நேரம். இந்தியா பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இவர் வேலை முடிக்கும் இரவு பதினொன்றரைக்கு ஊரில் அடுத்த நாள் மதியம் ஒன்று. குழந்தை தூங்கும் நேரம்.

"கெச்சிக்கான்தான் அக்கா நமக்குத் திருநாள். காலைல ஏழு மணிக்கே கப்பலைக் கட்டிருவாங்க. ஊர்ல ராத்திரி எட்டரை."

ஜூன் 17, செவ்வாய் – ஜூனோ

மதியம் ஒரு மணிக்குக் கரை. அலாஸ்காவும் அமெரிக்காதான் என்பதால் என் போன் வீட்டில் இருப்பதுபோலவே வேலை செய்ய வேண்டும். சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் பக்கம் திறக்கவில்லை. ஏறக்குறைய 32,000 பேர் வாழும் ஊர் இது. ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று 2024 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த ஐந்திலிருந்தும் இறங்குகிறவர்கள் ஒரே நேரத்தில் படம் அனுப்பினால் டவர் என்ன செய்யும்?

மெண்டன்ஹால் பனியாறு பார்த்துத் திரும்பியபோது மணி நாலு. துறைமுகத்தை ஒட்டி ஒரு கார் நிறுத்தக் கட்டடம், அதன் உச்சியில் ஊர் நூலகம். இலவச வைஃபை. கண்ணாடிச் சுவர் வழியே கால்வாயும் கப்பல்களும் தெரிகின்றன. உள்ளே போனோம். படிக்கிறவர்கள் சிலர், மற்ற நாற்காலிகளில் கப்பல் ஊழியர்கள், காதில் இயர்போன், மடியில் சார்ஜர். பெரும்பாலும் பிலிப்பினோக்களும் இந்தோனேசியர்களும். அவர்கள் ஊரில் அப்போது காலை எட்டு, ஏழு. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளோடு வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீட்டுப்பாடம் சரிபார்த்தார். திரையில் நோட்டுப் புத்தகம் தலைகீழாக இருந்தது; கையால் சுழற்றிக் காட்டித் திருப்பச் சொன்னார்.

அப்பாவும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்க்கப் போனார். எழுப்பிவிட்டேன். எங்களுக்குக் கப்பலில் வைஃபை இருக்கிறது. அந்த நாற்காலி வேறு யாருக்கோ தேவை.

கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் என்று 2006இல் உருவான ஒன்று உண்டு. அதன் 2022ஆம் ஆண்டுத் திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடப்பில் இருக்கின்றன. கப்பலில் ஊழியர்களுக்கு இணையம் கிடைக்க வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருக்க வேண்டும் என்கின்றன அவை. துறைமுகங்களிலும் முடிந்தவரை இணைய வசதி தரும்படி நாடுகளுக்கு வழிகாட்டுதலும் உண்டு. அமெரிக்கா இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆனால் எங்கள் கப்பலின் பின்புறத்தில் எழுதியிருக்கும் பதிவுத் துறைமுகம் நசாவ். அது பஹாமாஸின் தலைநகரம்; பஹாமாஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. ஜூனோவில் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே ஒரு சிற்றூர் நூலகம் கதவைத் திறந்து வைத்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஜூன் 18, புதன் – கிளேசியர் பே

இங்கே துறைமுகம் இல்லை, செல்போன் டவரும் இல்லை. நாளுக்கு இரண்டு கப்பல்களுக்குத்தான் அனுமதி. காலையில் தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் படகில் வந்து ஏறிக்கொண்டார்கள்.

இருபுறமும் மலை நெருங்கியதும் வைஃபை விட்டுவிட்டு வந்தது. ஜூனோ அளவு வடக்கே வந்துவிட்டால் நிலநடுக்கோட்டுச் செயற்கைக்கோள் தெற்கு அடிவானத்திலிருந்து 24 டிகிரியைத் தாண்டாது, ஒரு மலை போதும் மறைக்க. தாழ்வாகப் பறப்பவற்றுக்கும் விரிந்த வானம் வேண்டும். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றபோது யாரும் போனில் பேசவில்லை. அம்மா மட்டும் ஆச்சிக்குக் காட்ட முடியவில்லையே என்று குறைப்பட்டாள்.

ஜூன் 19, வியாழன் – சிட்கா

துறைமுகத்திலிருந்து ஊருக்குப் பேருந்தில் வரவேண்டும். இறங்கும் இடத்தின் பக்கத்திலேயே நூலகம்.

இந்த ஊர் இணையம் கடலடியில் வரும் ஒற்றைக் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் அது அறுந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் ஊருக்கே திண்டாட்டம். கடை, மருத்துவமனை, எல்லோரும் செயற்கைக்கோள் டிஷ் தேடி ஓடினார்கள். நாம் வந்து இறங்கி "நெட் ஸ்லோ" என்று முகம் சுளிக்கும் ஊர்கள் எதை நம்பி வாழ்கின்றன என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி – கெச்சிக்கான்

மழை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊர், வேறென்ன எதிர்பார்க்க?

ஏழு மணி என்பது காலை உணவு பரிமாறும் நேரம் ஆயிற்றே, தம்பி எப்படி இறங்குவார் என்று எனக்குக் கேள்வி இருந்தது. மாற்றிக்கொள்வார்களாம். செவ்வாயன்று ஜூனோவில் பிலிப்பினோ நண்பரின் மாலை வேலையை இவர் பார்த்தார். இன்று காலை இவருடைய மேசைகளை அவர் பார்க்கிறார். ஜூனோவின் மாலை மணிலாவுக்குக் காலை. கெச்சிக்கானின் காலை நமக்கு இரவு. மேலாளர் சம்மதித்தால்தான் நடக்கும், எல்லா வாரமும் சம்மதிப்பதில்லை.

நாங்கள் இறங்கியபோது தம்பி ஒரு கடையின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவருடைய சிம் வேறு நிறுவனம். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு பாஸ்வேர்டைச் சொன்னேன். மூன்றாவது ரிங்கில் எடுத்துவிட்டார்கள்.

குழந்தை கட்டில் விளிம்பைப் பிடித்து நின்றாள். தம்பி கூப்பிட்டதும் ஒரு கையை விட்டாள். அதற்கு மேல் அவர் பேசவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை அம்மாவிடம் நீட்டி, "எங்க அம்மைக்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க" என்றார்.

"உங்க பிள்ள நல்லா இருக்கான், நேரத்துக்குச் சாப்பிடுதான், நான் பார்த்துட்டுதான் இருக்கேன்" என்று அம்மா சொன்னாள். குளச்சலில் அந்த அம்மா அழுதார்கள். ஊர் நேரம் இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை சிணுங்கத் தொடங்கும்வரை ஹாட்ஸ்பாட்டை அணைக்கவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க மிச்ச நேரம் ஏராளம் இருந்தது.

ஜூன் 21, சனி – விக்டோரியா

வெளிநாட்டுக் கொடிக் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்புவதானால் இடையில் வேறு நாட்டைத் தொட வேண்டும் என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் கனடாவில் இந்த மாலை நிறுத்தம். அமெரிக்க சிம் வைத்திருப்பவர்கள் தங்கள் பிளானில் கனடா சேர்ந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இருந்தது.

கப்பலின் கருத்துப் படிவம் வந்தது. தம்பியின் பெயரோ மேசை எண்ணோ போடவில்லை, அவருக்குத் தொல்லை வரக்கூடாது. இரண்டே கோரிக்கைகள். ஊழியர்களுக்கு வாட்ஸாப் செய்தியும் குரல் அழைப்பும் இலவசமாக இருக்கட்டும். பயணிகளிடம் வாங்கும் பணத்தில் அதற்கு இடம் உண்டு. காலையில் கட்டும் துறைமுகங்களில், ஊரில் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம் முறைவைத்து விடுப்பு தரட்டும்; அது மேலாளரின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. அம்மாவும் தன் படிவத்தில் இரண்டாவதையே எழுதச் சொன்னாள். எழுதி அனுப்பிவிட்டேன்.