ஆறு பேர் வகுப்பு

சிங்கப்பூர்ப் பள்ளிகள் பெற்றோருக்குத் தகவல் அனுப்பும் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் மணியடித்தால் உடனே திறந்து பார்க்கிற ஆள் இல்லை நான். பாதி நேரம் பல் பரிசோதனைக்கு ஒப்புதல் கேட்டிருப்பார்கள். மீதி நேரம் கை, கால், வாய் நோய் பரவுகிறது, பிள்ளையின் உள்ளங்கையைப் பாருங்கள் என்றிருக்கும். அதனால் மார்ச்சில் அந்த அறிவிப்பு வந்த அன்றும் இரவு பாத்திரமெல்லாம் கழுவி முடித்துவிட்டுத்தான் கைப்பேசியை எடுத்தேன். அதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் 143 செய்திகள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனது பள்ளிக்கூடத்துக்கு. என் மகன் படிக்கும் தொடக்கப்பள்ளியையும் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு பள்ளியையும் இணைக்கப் போகிறார்கள். கட்டடம் அவர்களுடையது. எங்கள் கட்டடம் காலியாகும். மகன் இப்போது தொடக்கநிலை 3. அவன் 5க்குப் போகும்போது புது இடம். பள்ளிகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் எனக்கு ஏற்கெனவே இருக்கிற நல்ல பெயர் போதும்.

ஜூரோங் வெஸ்ட்டில் நாங்கள் வீடு வாங்கி வந்தபோது காலை ஆறரைக்கு மின்தூக்கியில் இடம் கிடைக்காது. எல்லா மாடியிலும் சீருடைப் பிள்ளைகள் ஏறுவார்கள், பைகள் முட்டிக்கொள்ளும். இப்போது அதே நேரத்தில் நானும் மகனும், எட்டாவது மாடித் தாத்தாவின் சக்கர நாற்காலியும், அவரைத் தள்ளிக்கொண்டு வரும் பணிப்பெண்ணும். அவ்வளவுதான். 2023இல் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்ற கணக்கு, 0.97க்கு இறங்கியது என்று செய்தியில் படித்தபோது ஏதோ எண் என்று விட்டுவிட்டேன். அந்த எண்ணைத்தான் தினமும் மின்தூக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது இந்த அறிவிப்புக்குப் பிறகுதான் உறைத்தது. பிள்ளைகள் இருக்கும் வீடுகள் பொங்கோல், தெங்கா என்று புதுப் பேட்டைகளுக்குப் போய்விட்டன. பள்ளிகளும் பின்னாலேயே போகின்றன. ஏசிஎஸ் என்கிற ஆங்கிலோ சீனத் தொடக்கப்பள்ளியே 2030இல் தெங்காவுக்குப் போகிறது, அதுவும் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு. அவ்வளவு பழைய பள்ளியே பெட்டி கட்டும்போது நாங்கள் எம்மாத்திரம்.

விளக்கக் கூட்டம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. ஏழு மணிக்கு என்றார்கள், ஆறரைக்கே நாற்காலி நிரம்பிவிட்டது. விளையாட்டு விழாவுக்குக்கூட இத்தனை அப்பாக்களை நான் பார்த்ததில்லை. கேள்விகள் எல்லாம் எதிர்பார்த்தவைதான். சீருடையை மாற்ற வேண்டுமா? (இருப்பதையே போடலாமாம்.) பள்ளிப் பேருந்துக் கட்டணம் ஏறுமா? தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் மாறுவாரா? பெயர் என்ன வைப்பீர்கள்? இந்தப் பெயர்க் கேள்வியிலேயே இருபது நிமிடம் போனது. 2019இல் தொடக்கக் கல்லூரிகளை இணைத்தபோது இரண்டு பெயரையும் ஒட்டி ஆண்டர்சன் சிராங்கூன், ஜூரோங் பயனியர், தெம்பனிஸ் மெரிடியன், யீஷூன் இன்னோவா என்று வைத்தார்கள். அதே மாதிரி இங்கேயும் ஒட்டினால் சட்டைப்பையில் பூத்தையல் போட இடம் இருக்காது என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். முதல்வரே சிரித்துவிட்டார்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர்தான் பாவம். மூத்த மகனை அடுத்த ஆண்டு இந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று பள்ளிக்குத் தொண்டூழியம் செய்யும் பெற்றோருக்கு முன்னுரிமை தரும் 2பி சேர்க்கைக் கட்டத்துக்காகத் தொண்டூழியராகச் சேர்ந்தவர். 40 மணி நேரம் செய்ய வேண்டும். நூலகத்தில் புத்தகம் அடுக்கினார், காலையில் சாலைக் கடப்பில் நின்றார், கேண்டீனில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். 36 மணி நேரம் முடித்திருந்த வாரத்தில் அறிவிப்பு வந்தது. கூட்டத்தில் அவர் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து, "மிச்சம் நாலு மணி நேரத்த என்னக்கா பண்றது?" என்று என்னிடம் கேட்டார்.

மண்டபத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. கடைசியில் எழுந்து கேட்டுவிட்டேன். தமிழ் வகுப்பு என்ன ஆகும்?

மகனின் நிலையில் தமிழ் படிப்பவர்கள் ஆறு பேர். ஒரு வகுப்பில் ஆறு பேர் இல்லை, நான்கு வகுப்புகளையும் சேர்த்து ஆறு பேர். தாய்மொழிப் பாட நேரம் வந்தால் சீனப் பிள்ளைகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். மலாய்ப் பிள்ளைகள் ஒரு பக்கம் கிளம்புவார்கள். இவர்கள் ஆறு பேரும் பென்சில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறுவார்கள். கணினிக் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன அறைதான் தமிழ் வகுப்பு. ஆறு பேரில் ஒரு வீட்டில் மலையாளம் பேசுவார்கள், ஒரு வீட்டில் தெலுங்கு. இரண்டு பிள்ளைகள் வீட்டில் முழுக்க ஆங்கிலம். மிச்சம் இரண்டு பேரில் ஒருவன் என் மகன். அவன் தமிழைப் பற்றி நான் பெருமையடிக்கப் போவதில்லை. "அம்மா, நான் ஸ்கூல் பேக்க பேக் பண்ணிட்டேன்" என்பதில் தமிழ் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

ஆறு பேர் என்றால் நல்ல கவனிப்பு கிடைக்குமே என்று சீனத் தோழி ஒருத்தி சொன்னாள். அவள் மகன் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் நினைத்தேன். ஆசிரியை அருமையானவர், அதில் குறையே இல்லை. ஆனால் ஆறு பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்தி போட்டிக்குப் போய்விட்டாள் என்றால் நாலு பேர். இருவர் இருவராகப் பேசச் சொன்னால் மூன்று ஆண்டாக அதே ஜோடி. படத்தைப் பார்த்துப் பேசு என்றால் எதிரில் இருப்பவன் என்ன சொல்வான் என்று என் மகனுக்கு மனப்பாடம். நூலகம் என்றால் "அமைதியாக இருக்க வேண்டும்", கடற்கரை என்றால் "குப்பை போடக் கூடாது". இதற்கு மேல் அந்த இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. சண்டை போடக்கூடப் புது ஆள் கிடையாது. சண்டைதான் பிள்ளைகளை ஒரு மொழியில் வேகமாகப் பேச வைக்கும் என்பது என் சொந்தக் கணக்கு.

துணை முதல்வர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: அந்தப் பள்ளியில் மகன் நிலையில் ஒன்பது பேர். இரண்டு தமிழாசிரியர்களும் இருப்பார்கள். சேர்ந்தால் 15.

மண்டபமே இழவு வீடு மாதிரி இருந்தபோது எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே காட்ட முடியுமா? முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் மகளைப் பார்த்ததால்தான் எனக்கு இந்தக் கணக்கு புரிகிறது. அவள் உயர்நிலை 2. அவள் பள்ளியில் தமிழ் கிடையாது, அதனால் பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கிறாள். பூன் லேயிலிருந்து ரயில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்கி நடக்க வேண்டும். முதல் மாதம் அழுகை. வேறு பாடத்துக்கு யாராவது இப்படி அலைகிறார்களா என்று சண்டை. நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. ஆனால் அங்கே பல பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். மூன்றாவது மாதம் பார்த்தால் தீவின் நாலா பக்கமும் அவளுக்குத் தோழிகள். 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப்பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்கத் திறன்பேசி கூடாது என்றாகிவிட்டதா, இடைவேளையில்கூட எடுக்க முடியாது. அந்தக் கடுப்பையெல்லாம் ரயிலில் தோழிகளுக்குக் குரல்பதிவாக அனுப்புகிறாள். தமிழில். நான் ஒட்டுக் கேட்கவில்லை, அவள் சத்தமாகப் பேசுகிறாள்.

உமறுப் புலவர் என்றதும் எங்கள் வீட்டில் மாமாதான் பேச ஆரம்பிப்பார். அவர் படித்தது அந்தப் பெயரில் இருந்த பழைய பள்ளி, தஞ்சோங் பகார் பக்கம். கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கியது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். கணக்கும் அறிவியலும்கூடத் தமிழில்தான். ஆங்கிலம் படித்தால்தான் வேலை என்று ஆனபிறகு பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை மாற்றினார்கள். 1982இல் மூடிவிட்டார்கள். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளி அது.

"எங்க பள்ளிக்கூடத்த மூடுனப்ப யாரும் கூட்டம் போட்டுக் கருத்துக் கேக்கலம்மா. பிள்ளைங்க இல்ல, மூடிட்டாங்க," என்றார் மாமா. நான் விளக்கக் கூட்டத்தில் கொடுத்த சின்னப் புத்தகத்தைக் காட்டினேன். புதுப் பள்ளியில் இரண்டு பள்ளிகளின் கோப்பைகள், பழைய சீருடை, புகைப்படங்கள் எல்லாம் வைக்க ஒரு மரபுடைமை மூலை வருமாம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "கண்ணாடிப் பொட்டி," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எல்லாமே எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். கேண்டீன் விஷயம் இன்னும் உறுத்துகிறது. மலாய்ச் சாப்பாட்டுக் கடை மக்சிக் (மலாயில் அத்தை) இந்தப் பள்ளியில் எத்தனையோ ஆண்டாக இருக்கிறார். என் மகன் வெள்ளிக்கிழமை சைவம். அதை நான் போய்ச் சொன்னதே இல்லை, அவனே முதல் வகுப்பில் ஒரு நாள் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை அவன் வரிசையில் வந்தாலே மீ கோரெங்கில் கோழியை ஒதுக்கிவிட்டுத் தனியாக எடுத்து வைத்திருக்கும் தட்டை நீட்டுவார், காய்கறியும் தவ்ஹூவும் மட்டும். அவரிடம் புதுப் பள்ளிக்கு வருவீர்களா என்று கேட்டேன். அங்கே ஏற்கெனவே கடை இருக்கிறது, முழங்காலும் சரியில்லை, போதும் என்றார். 2026 ஜனவரியில் 13 பள்ளிகளில் வெளியே மையச் சமையற்கூடங்களில் சமைத்துக் கொண்டுவரும் முறை தொடங்கியிருக்கிறது. கடை நடத்த ஆள் கிடைக்காத நிலையில் வேறு வழி இல்லைதான். முன்கூட்டியே பதிவு செய்தால் சைவமும் வரும். ஆனால் அந்த முறை புதுப் பள்ளிக்கும் வந்தால் என் பிள்ளை வெள்ளிக்கிழமை என்ன சாப்பிடுவான் என்பதைச் செயலியில் நான்தான் அழுத்த வேண்டியிருக்கும்.

மேம்பாலம் ஏறி இறங்கிப் புதுப் பள்ளிக்குப் போக மகனுக்குப் பதினேழு நிமிடம் ஆகிறது, நடந்து பார்த்துவிட்டோம். மழை பெய்தால் பாலம் வரைக்கும் கூரை இல்லை. நகர மன்றத்துக்கு எழுதியிருக்கிறேன்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி இரண்டு பள்ளித் தமிழ்ப் பிள்ளைகளையும் ஒரு நாள் சேர்த்து உட்கார வைத்தார்கள். எங்கள் ஆறு பேரும் போன ஆண்டு ஒரு நாடகம் போட்டிருந்தார்கள். குருவும் ஐந்து முட்டாள் சீடர்களும் ஆற்றைக் கடக்கும் கதை. கரையேறியதும் எண்ணுவார்கள், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான், ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் அழுவார்கள், வழிப்போக்கர் வந்து ஆளுக்கு ஓர் அடி போட்டு எண்ணிக் காட்டுவார். ஒரு குரு, ஐந்து சீடர், கணக்குக் கச்சிதம். ஆனால் வழிப்போக்கருக்கு ஆள் இல்லாமல் ஆசிரியையே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை அதே நாடகத்தை எல்லோரும் சேர்ந்து போட்டார்களாம். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் நீலத் துணியைப் பிடித்துக்கொண்டு ஆறாகவே படுத்திருந்தார்களாம். வழிப்போக்கராக வந்த பையன் நிஜமாகவே அடித்துவிட்டான், அதனால் என் மகனுக்கும் அவனுக்கும் சண்டை. "அவன் என்ன 'போடா'ன்னு சொன்னான், நான் 'நீ போடா'ன்னு சொன்னேன்," என்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புகார். அந்தப் பையனைப் பற்றி ராத்திரி சாப்பிடும் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தான்.

"மொத்தம் எத்தன பேருடா நீங்க?" என்று மாமா கேட்டார்.

மகன் விரலை மடக்கி ஒவ்வொரு பெயராகச் சொன்னான். இந்தப் பள்ளி முடித்து அந்தப் பள்ளிக்குப் போனான், கை விரல் தீர்ந்து கால் விரலுக்கு வந்தான்.

"பதினாலு."

மாமா எழுந்து போய் அவன் உச்சந்தலையில் மெதுவாக ஒரு குட்டு வைத்தார். "பதினஞ்சு," என்றார்.