குதிரைக்கும் ஏடிவிக்கும் ஒரே டிரெய்லர்

டெக்சாஸில் பழைய டிரெய்லர் தேடி மூன்று வாரமாக அலைகிறேன். என் பெண்குதிரை 480 கிலோ, வேலி பார்க்கப் போகும் ஏடிவி, அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி, 300 கிலோ. இரண்டும் ஒன்றாக வரவேண்டும்.

நேற்றுப் பார்த்ததில் சாய்தளம் உறுதி, நடுத்தடுப்பையும் கழற்ற முடிந்தது. சரி, முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ரப்பர் விரிப்பைத் தூக்கினால், மூத்திரம் ஊறிய பலகையில் விரல் அப்படியே இறங்கியது. வண்டி ஓடும்போது என் குதிரையின் கால் அதில் இறங்கினால்? வயிறு கலங்கிவிட்டது. வேண்டாம் என்றுவிட்டேன்.

எடையும் முக்கியம். மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியில் இறங்க வேண்டும்; பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் அலைபாயும். அதனால் ஏடிவி முன்னால், நான்கு மூலையும் பட்டையால் இறுக்கி. பெட்ரோல் வாடை அவளுக்கு ஆகாது, இடையில் முழுத் தடுப்பு வேண்டும். அவசரமென்றால் முதலில் இறங்க வேண்டியவள் அவள், கதவுப் பக்கம்தான் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை இன்னொன்று பார்க்கிறேன். முதலில் விரிப்பைத்தான் தூக்குவேன்.